சல்லடைக் கல்லின் மேல் ஒரு காடு

மாண்டினீக்ரோ நாட்டில், கோட்டோர் வளைகுடாவுக்கு மேலே மலையில் ட்சிர்க்விட்சே என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஐரோப்பாவில் மக்கள் குடியிருக்கும் இடங்களில் அதிக மழை பெறும் ஊர் என்று வழக்கமாக இதைத்தான் சொல்வார்கள். ஆண்டுச் சராசரி 4,500 மில்லிமீட்டருக்கும் மேல். ஆனால் அந்த மலைத்தொடர் நெடுக உள்ள பல ஊர்களில், கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வந்திருக்கிறார்கள். வானம் கொட்டித் தீர்க்கிறது, தரையில் ஓடையைக் காணோம். ஆனாலும் அதே தரையில் 50 மீட்டர் உயரத்துக்கு மரங்கள் நிற்கின்றன, அவற்றுக்கு நடுவே கரடியும் ஓநாயும் திரிகின்றன.

இந்த மலைத்தொடருக்குத் தினாரிக் மலைகள் என்று பெயர். ஆல்ப்ஸ் முடியும் இடத்தில், ஸ்லோவேனியாவில் தொடங்கி, ஏட்ரியாடிக் கடலுக்கு இணையாகக் குரோவேஷியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ வழியாக அல்பேனியாவின் வடக்கு வரை ஏறக்குறைய 650 கிலோமீட்டர் நீள்கிறது. இதன் மேல் படர்ந்திருப்பது கலப்புக் காடு. அதாவது இலையுதிர்க்கும் அகன்ற இலை மரங்களும், ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் ஊசியிலை மரங்களும் ஒன்றாக வளரும் காடு. ஐரோப்பிய மலைக்காடுகளின் சூழலியலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம் என்பது என் எண்ணம்.

இந்தக் காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கரடியிலிருந்து தொடங்குவார்கள். கரடி வரட்டும். அதற்கு முன் காலடியில் இருக்கும் கல்லைப் பார்த்துவிடுவோம். இங்கே மரத்தின் வயது, விலங்கின் வீடு, குளிரின் போக்கு எல்லாமே அந்தக் கல்லோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன.

தினாரிக் மலைகளின் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். பழங்காலக் கடலடியில் சிப்பிகளும் ஓடுடைய நுண்ணுயிர்களும் படிந்து படிந்து உருவான கல் அது. அதற்கு ஒரு பலவீனம் உண்டு: லேசான அமிலம் பட்டாலும் கரையும். மழைநீர் காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு விழுகிறது. மண்ணுக்குள் இறங்கும்போது இன்னும் நிறையக் கிடைக்கிறது. ஏனென்றால் வேர்களும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் மூச்சுவிடுகின்றன, அந்த வாயு மண் துளைகளில் தேங்கி நிற்கிறது. இப்படி அமிலமேறிய நீர் கல்லின் விரிசல்களில் புகுந்து அவற்றை அகலப்படுத்துகிறது. விரிசல் பிளவாகிறது, பிளவு சுரங்கமாகிறது, சுரங்கத்தின் கூரை சரிந்து மேலே பள்ளம் விழுகிறது. ஆக, காடு தன் தரையைத் தானே அரித்துக்கொண்டிருக்கிறது. மரம் செழித்தால் வேர் அதிகம், வேர் அதிகமானால் அமிலம் அதிகம், கல் இன்னும் வேகமாகக் கரையும்.

பல லட்சம் ஆண்டுகள் இது நடந்தால் என்ன மிஞ்சும்? சல்லடை மிஞ்சும். மேலே எவ்வளவு ஊற்றினாலும் நீர் தங்காது, பிளவு வழியே கீழே போய்விடும். மலைமேல் நடந்தால் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளங்கள் தெரியும். சில பத்து மீட்டர் அகலம் கொண்டவை உண்டு, ஒரு ஊரையே உள்ளே வைக்கக்கூடியவையும் உண்டு. ஆறுகள் ஒரு இடத்தில் குகைக்குள் நுழைந்து மறைந்து, பல கிலோமீட்டர் தள்ளி வேறு பெயரோடு வெளியே வரும். ஸ்லோவேனியத் தலைநகர் வழியே ஓடும் லியுப்லியானிட்சா ஆறு இப்படி மறைந்து மறைந்து வருவதால் அதற்கு ஏழு பெயர்கள் என்பார்கள்.

செர்க்நிட்சா ஏரி இன்னும் வேடிக்கை. மழைக்காலத்தில் 20 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பரந்து கிடக்கும் ஏரி, கோடையில் தரையிலுள்ள துளைகள் வழியாக வடிந்து புல்வெளியாகிவிடும். ஒரே இடத்தில் ஒரு பருவத்தில் மீன்பிடிப்பு, மற்றொரு பருவத்தில் புல் அறுப்பு. 17ஆம் நூற்றாண்டில் வால்வசோர் என்ற அறிஞர் இதை விரிவாக எழுதி இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு அனுப்பினார். 1687இல் அவரை உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டார்கள்.

சரி, நீர் தங்காத கல்லின் மேல் மரம் எப்படி வளர்கிறது?

சுண்ணாம்புக்கல் கரைந்தால் பெரும்பகுதி நீரோடு போய்விடும், மண்ணாக மிஞ்சுவது சொற்பம். அதனால் இங்கே மண் ஒரு சீரான படுகையாகக் கிடைப்பதில்லை. ஒரு இடத்தில் விரற்கடை அளவுதான் இருக்கும், இரண்டடி தள்ளி ஒரு பிளவுக்குள் ஆள் உயரத்துக்கு நிறைந்திருக்கும். மரங்கள் வேரை இந்தப் பிளவுகளுக்குள் விட்டு, அங்கே தேங்கிய மண்ணையும் ஈரத்தையும் பிடித்துக்கொள்கின்றன. பள்ளங்களின் அடியில் மட்டும் மண் ஆழமாகச் சேர்ந்திருக்கும். கற்பாங்கான ஊர்களில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பயிரிட்டது அந்தப் பள்ளங்களின் அடியில்தான்.

இதோடு கடலும் உதவுகிறது. ஏட்ரியாடிக்கிலிருந்து ஈரக்காற்று மலையில் ஏறிக் குளிர்ந்து மழையாகவும் பனியாகவும் இறங்குகிறது. கோடையிலும் மழை உண்டு, மூடுபனி உண்டு. அடிக்கடி நனைப்பு கிடைப்பதால், தேக்கி வைக்க இடமில்லாத குறை பெரிதாகத் தெரிவதில்லை. கடலைப் பார்த்த சரிவுகளில் கதை வேறு. அங்கே கோடை வறண்டது. போரா என்ற வறண்ட குளிர்காற்று குளிர்காலத்தில் மலையிலிருந்து கடலை நோக்கிப் பாய்ந்து அடிக்கும். அந்தப் பக்கத்தில் கருப்புப் பைன், குட்டையான ஓக் போன்ற வறட்சி தாங்கும் மரங்களே தாக்குப்பிடிக்கின்றன. ஒரே மலையின் இரண்டு பக்கங்களில் இரண்டு வேறு காடுகள்.

நடுமலையில், சுமார் 700 முதல் 1,200 மீட்டர் உயரத்துக்குள் இருப்பதுதான் இந்தப் பகுதியின் அடையாளமான காடு. அதன் முதன்மை மரங்கள் இரண்டு. ஒன்று பீச்: வழவழப்பான சாம்பல் நிறப் பட்டை, குளிர்காலத்தில் இலை உதிர்க்கும். மற்றொன்று வெள்ளி ஃபிர்: ஊசியிலை மரம், நேராக வானத்துக்கு ஏறும். இவற்றோடு ஸ்ப்ரூஸ், மேப்பிள், எல்ம் ஆங்காங்கே கலந்திருக்கும். ஏப்ரலில் பீச் துளிர்ப்பதற்கு முந்திய சில வாரங்கள் மட்டும் வெயில் தரையைத் தொடும். அந்த இடைவெளியில் காட்டுப்பூண்டு, பனித்துளிப் பூ, ஓம்ஃபலோடெஸ் என்ற குட்டி நீலப்பூ எல்லாம் அவசர அவசரமாகப் பூத்துக் காய்த்துவிடும். இந்தக் காட்டு வகைக்கு அறிவியலாளர்கள் வைத்த பெயரின் முன்பாதி அந்த நீலப்பூவிலிருந்து வந்தது. மே மாதத்தில் பீச் இலை விரித்ததும் கீழே இருட்டு.

அந்த இருட்டுதான் இந்தக் காட்டின் அரசியல். பீச்சும் ஃபிரும் நிழலைத் தாங்கும் மரங்கள். அதிலும் ஃபிருக்கு இருக்கும் பொறுமை அசாத்தியம். பெரிய மரங்களின் கீழே ஒரு ஃபிர் கன்று பல பத்தாண்டுகள், சில நேரம் நூறு ஆண்டுகள்கூட, இடுப்பளவு உயரத்திலேயே காத்திருக்கும். தண்டு கைத்தடி பருமன்தான் இருக்கும், வளையங்களை எண்ணினால் தாத்தா வயது. பக்கத்தில் ஒரு கிழமரம் சாயும் நாள் அதற்கு விடுதலை நாள். வெளிச்சம் இறங்கியதும் மளமளவென்று ஏறத் தொடங்கும்.

வடக்கே உள்ள ஊசியிலைக் காடுகளில் பெருந்தீயோ புயலோ மொத்தமாக அழித்து மொத்தமாகப் புதுப்பிப்பது உண்டு. இங்கே பெரும்பாலும் ஒவ்வொரு மரமாக, சின்னச் சின்ன இடைவெளியாகக் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதனால் ஒரே ஏக்கரில் முளையும் உண்டு, இளமரமும் உண்டு, 400 வயதுக் கிழமும் உண்டு. புயலோ பூச்சியோ வந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் விழுவதில்லை. இன்னொரு விஷயமும் கவனிக்கப்பட்டிருக்கிறது: ஃபிர் நின்ற இடத்தில் பீச்சும், பீச் நின்ற இடத்தில் ஃபிரும் அடுத்து வரும் போக்கு. நீண்ட காலக் கணக்கில் இரண்டும் இடம் மாற்றிக்கொண்டே ஒன்றாக வாழ்கின்றன.

இதையெல்லாம் நேரில் பார்க்க வெட்டப்படாத காடு வேண்டும். ஐரோப்பாவில் அது அரிது, இங்கே சில துண்டுகள் பிழைத்திருக்கின்றன. ஸ்லோவேனியாவின் கொச்சேவ்யே பகுதியில் ரைஹெனாவ்ஸ்கி ரோக் என்ற காடு வெறும் 51 ஹெக்டேர்தான், ஆனால் கோடாரி படாதது. 1892இல் லியோபோல்ட் ஹுஃப்னாகல் என்ற வன அதிகாரி, ஆவர்ஸ்பெர்க் பிரபுக் குடும்பத்தின் காடுகளுக்கு மேலாண்மைத் திட்டம் எழுதியபோது, சில பகுதிகளை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று குறித்து வைத்தார். மரம் என்றால் பணம் என்று மட்டும் பார்த்த காலத்தில் ஒருவர் இப்படி எழுதியதையும், அதை முதலாளி ஏற்றுக்கொண்டதையும் நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. அதே பக்கத்தில் உள்ள க்ரோகார் காடும், ஸ்நேஷ்நிக் மலையின் ஒரு பகுதியும் 2017இல் யுனெஸ்கோவின் பழமையான பீச் காடுகள் பட்டியலில் சேர்ந்தன. தெற்கே போஸ்னியாவின் சுட்யெஸ்கா தேசியப் பூங்காவில் பெருச்சிட்சா இருக்கிறது. 1,400 ஹெக்டேருக்கு மேல் பரந்த தொல்காடு, அங்கே சில ஸ்ப்ரூஸ்கள் 60 மீட்டரைத் தாண்டியவை.

இப்படிப்பட்ட காட்டுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது குப்பையாகக் கிடக்கும் செத்த மரங்கள். நம் கண்ணுக்கு அது கவனிப்பாரற்ற காடு போலத் தோன்றும். உள்ளே பார்த்தால் அதுதான் காட்டின் சந்தடியான பகுதி. விழுந்த மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் ஸ்ப்ரூஸ் முளை, உள்ளே காளான் இழைகள், புழுக்கள். சாம்பல் நீலத்தில் கருப்புப் பொட்டு வைத்த ரோசாலியா வண்டு, வெயில் படும் செத்த பீச்சில்தான் முட்டையிடும். வெள்ளை முதுகு மரங்கொத்திக்கு அழுகும் மரத்திலுள்ள புழுக்கள்தான் சாப்பாடு. காட்டைச் சுத்தமாக வைத்தால் இவை காணாமல் போகும்.

மலையேறினால் காட்டுப் பட்டைகள் மாறும் என்பது பள்ளிப் பாடம்: கீழே ஓக், அதன் மேல் பீச், பிறகு பீச்சும் ஃபிரும், உச்சியில் குட்டைப் பைன் புதர். ஆல்ப்ஸில் மரங்கள் முடியும் எல்லையில் ஊசியிலை மரங்கள் நிற்கும், தினாரிக்கின் பல மலைகளிலோ கடைசி வரை பீச்சே போகிறது. பனியின் எடை அழுத்தி அழுத்தி, அங்கே அதன் அடித்தண்டு அரிவாள் போல வளைந்திருக்கும். 1,796 மீட்டர் உயரமுள்ள ஸ்நேஷ்நிக்கில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

ஆனால் சல்லடைக் கல் இந்தப் பாடத்தையும் தலைகீழாக்கிவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தெளிந்த இரவுகளில் அது சரிவில் வழிந்து பெரிய பள்ளங்களின் அடியில் தேங்கும். போக வழி இல்லாததால் அங்கேயே உறையும். ஸ்லோவேனியாவின் ட்ர்னோவோ மேட்டுக்காட்டில் உள்ள ஸ்ம்ரெகோவா டிராகா என்ற பள்ளம் இதற்குப் பேர்போனது. விளிம்பில் பீச்சும் ஃபிரும். கொஞ்சம் இறங்கினால் ஸ்ப்ரூஸ். இன்னும் கீழே, அடியில், மலையுச்சியில் இருக்க வேண்டிய குட்டைப் பைன். ஏறினால் பார்க்க வேண்டிய வரிசை இறங்கும்போது வருகிறது. அருகிலுள்ள குகைகளில் கோடையிலும் பனிக்கட்டி கிடக்கும்.

இந்தக் குளிர்ப்பள்ளங்களும் வெயில் சரிவுகளும் அடுத்தடுத்து இருப்பதால் ஒரு பெரிய நன்மை. காலநிலை மாறினாலும் ஒரு செடிக்குப் பிடித்த இடம் சில நூறு மீட்டருக்குள் எங்கேயாவது கிடைத்துவிடும். பனியுகத்தில் வட ஐரோப்பா பனிப்பாளத்தின் கீழே கிடந்தபோது, பல மரங்கள் பால்கன் பக்கத்து மலைகளின் மறைவிடங்களில் பிழைத்துக் கிடந்தன. இன்று மத்திய ஐரோப்பாவை நிறைத்திருக்கும் பீச் மரங்களில் பெரும்பகுதிக்கு ஸ்லோவேனியாவும் அதைச் சுற்றிய பகுதியும் ஒரு தாய்வீடு என்று மகரந்தப் படிவுகளும் மரபணு ஆய்வுகளும் காட்டுகின்றன. மறைவிடத்தை விட்டு வெளியே போகாமலே நின்றுவிட்ட மரமும் உண்டு. கோபுர ஊசி போல ஒடுங்கி வளரும் செர்பிய ஸ்ப்ரூஸ், ட்ரினா ஆற்றின் நடுப்பகுதியை ஒட்டிய சில சரிவுகளில் மட்டும்தான் இயற்கையாக இருக்கிறது. யோசிஃப் பான்சிச் என்ற தாவரவியலாளர் 1875இல் தாரா மலையில் அதைக் கண்டறிந்தார்.

அடுத்து பீச் கொட்டை. இந்தக் காட்டின் விலங்குக் கணக்கு முழுவதும் இந்தச் சின்ன முக்கோணக் கொட்டையில் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

பீச் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி காய்ப்பதில்லை. சில ஆண்டுகள் ஒன்றுமே இருக்காது. பிறகு திடீரென்று ஒரு ஆண்டு, அந்த வட்டாரத்து மரங்கள் எல்லாம் பேசி வைத்ததுபோல் காய்த்துக் கொட்டும். இதில் மரத்துக்கு லாபம் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்த்தால் எலிகளும் பறவைகளும் அத்தனையையும் தின்றுவிடும். பட்டினி போட்டு அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, ஒரே ஆண்டில் கொட்டினால் தின்னத் தின்ன மிச்சம் இருக்கும், அதிலிருந்து கன்று முளைக்கும்.

இந்தக் கணக்கைத் திரும்பக் கணக்குப் போட்டு வாழும் விலங்கு ஒன்று உண்டு. டார்மௌஸ் என்ற சாம்பல் நிறக் கொறிப்பி. அடர்ந்த வாலும் பெரிய கண்ணுமாகப் பார்க்க அணில் சாயலில் இருக்கும். ஸ்லோவேனியர்கள் போல்ஹ் என்பார்கள். ஆண்டில் பாதிக்கும் மேல், சுண்ணாம்புக்கல் பிளவுகளுக்குள் நிலத்தடியில் தூங்கியே கழிக்கும். விழித்திருக்கும் சில மாதங்களில் கொட்டையைத் தின்று கொழுக்கும். பீச் காய்க்காத ஆண்டில் பெரும்பாலான டார்மௌஸ்கள் குட்டியே போடுவதில்லை. குட்டி போட்டு வளர்க்க முடியாத ஆண்டு என்று முன்கூட்டியே தெரிந்ததுபோல் ஓய்வெடுத்துக்கொள்ளும்.

மனிதர்களும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள்தான். ஸ்லோவேனியக் கிராமங்களில் இலையுதிர்காலத்தில் டார்மௌஸ் பிடிப்பது பழைய வழக்கம். இறைச்சி, கொழுப்பு, தொப்பி தைக்கத் தோல் என்று எதுவும் வீணாகாது. கல் பொந்துகளின் வாயில் பொறி வைத்துக் காத்திருப்பார்கள். ஏரியைப் பற்றி எழுதிய அதே வால்வசோர் இதையும் எழுதி வைத்திருக்கிறார், டார்மௌஸ் மந்தையைச் சாத்தான் மேய்க்கிறான் என்ற ஊர்க்கதை உட்பட. காய்ப்பு ஆண்டில் இந்த வேட்டை இன்றும் நடக்கிறது, ஸ்நேஷ்நிக் கோட்டையில் அதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

காய்ப்பு ஆண்டுக்கு அடுத்த ஆண்டு காட்டெலிகள் பெருகும். எலி பெருகினால் யூரல் ஆந்தை நிறையக் குஞ்சு பொரிக்கும். அதோடு நோயும் வரும். எலிகளின் சிறுநீர், எச்சம் படிந்த தூசி வழியாக மனிதருக்குத் தொற்றும் ஹான்டா வைரஸ் காய்ச்சல், எலி பெருகிய ஆண்டுகளில் கூடுகிறது. இந்த வைரஸ் வகைகளில் கடுமையான ஒன்று, ஸ்லோவேனியாவின் டோப்ராவா என்ற ஊரில் பிடிபட்ட காட்டெலியிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டதால் டோப்ராவா வைரஸ் என்றே அழைக்கப்படுகிறது. மரம் காய்த்ததற்கும் மருத்துவமனை வார்டுக்கும் தொடர்பு இருக்கிறது. சூழலியல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சங்கிலியைத்தான் சொல்வேன்.

இப்போது கரடி வரலாம்.

தினாரிக் மலைகளிலும் அதன் தெற்குத் தொடர்ச்சியான பிண்டோஸிலும் சேர்த்துச் சில ஆயிரம் பழுப்புக் கரடிகள் இருக்கின்றன. ஸ்லோவேனியா என்ற சின்ன நாட்டில் மட்டுமே ஏறக்குறைய ஆயிரம். குளிர்காலத் தூக்கத்துக்கு முன் அவை கொழுப்பேற்றிக்கொள்ளப் பீச் கொட்டை வேண்டும், தூங்கக் குகை வேண்டும். உணவை மரமும் படுக்கையைக் கல்லும் தருகின்றன. வேறெங்கோ கரடி அழிந்த இடங்களுக்கு இங்கிருந்துதான் கொண்டுபோனார்கள். 1990களில் பிரான்சின் பைரனீஸ் மலைக்கும், 1999இல் தொடங்கிச் சில ஆண்டுகள் இத்தாலியின் ட்ரென்டினோவுக்கும் ஸ்லோவேனியக் கரடிகள் போயின.

கரடிகள் இங்கே தப்பியதற்கு வரலாறும் ஒரு காரணம். கொச்சேவ்யே பகுதியில் பல நூற்றாண்டுகளாக ஜெர்மன் மொழி பேசிய மக்கள் வாழ்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 குளிர்காலத்தில் தொடங்கி, அவர்கள் வேறு பகுதிக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் காலியாயின அல்லது அழிந்தன. வயலும் பழத்தோட்டமும் காடாயின. காட்டு நடுவே திடீரென்று ஒரு ஆப்பிள் மரமோ இடிந்த தொட்டியோ தென்பட்டால் அங்கே ஒரு ஊர் இருந்தது என்று அர்த்தம். மனிதரின் துயரம் கரடிக்கு இடம் கொடுத்தது. இதை வெற்றிக்கதையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓநாய் ஒருபோதும் முற்றாக அழியவில்லை. அது எவ்வளவு தூரம் நடக்கும் என்பதற்கு ஸ்லாவ்ட்ஸ் என்ற இளம் ஓநாய் சாட்சி. 2011இல் ஸ்லோவேனியாவில் கழுத்துப்பட்டை மாட்டி விடப்பட்ட அது, அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்திரியா வழியாக ஆல்ப்ஸைக் கடந்து, இத்தாலியில் வெரோனா நகருக்கு மேலே உள்ள லெசீனியா மலைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இத்தாலிய வம்சத்துப் பெண் ஓநாய் ஒன்றோடு ஜோடி சேர்ந்தது. ஊர் வெரோனா என்பதால் அந்தப் பெண்ணுக்கு ஜூலியட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். நீண்ட காலம் பிரிந்திருந்த இரண்டு ஓநாய் வம்சங்கள் இப்படி ஒட்டின.

லின்க்ஸ் பூனையின் கதைதான் சிக்கலானது, பாடமும் அதில்தான் அதிகம். மான் வேட்டையாடும் இந்தக் காட்டுப்பூனை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்லோவேனியாவிலிருந்து அழிந்துவிட்டது. 1973இல் ஸ்லோவாக்கியாவிலிருந்து ஆறு லின்க்ஸ்களைக் கொண்டுவந்து கொச்சேவ்யே காட்டில் விட்டார்கள். அவை பிரமாதமாகப் பெருகின. குரோவேஷியா, போஸ்னியா வரை பரவின. சில ஆண்டுகளில் வேட்டை உரிமமே கொடுக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது. ஆனால் ஆறு விலங்குகளில் தொடங்கிய குடும்பம், அதிலும் சில ஏற்கெனவே உறவு. தலைமுறைகள் போகப் போக எல்லாம் உறவுக்குள் உறவாகி, மரபணு வளம் சுருங்கி, எண்ணிக்கை சரியத் தொடங்கியது. ஒரு காட்டில் உணவும் இடமும் இருந்தாலே ஒரு விலங்கு நிலைத்துவிடும் என்று நினைத்தால் தவறு, புதிய இரத்தமும் வேண்டும். 2017 முதல் 2024 வரை நடந்த ஒரு பன்னாட்டுத் திட்டத்தில் ருமேனியாவிலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் மறுபடி லின்க்ஸ்கள் வந்தன. 2019இல் ஸ்லோவேனியாவில் விடப்பட்ட கோரு என்ற ருமேனிய ஆண் அவற்றில் முதல் சிலவற்றில் ஒன்று.

லின்க்ஸுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அது மானைக் கொன்று சில நாள் வைத்துச் சாப்பிடும் பழக்கமுள்ளது. மோப்பம் பிடித்து வரும் கரடி அதைப் பறித்துக்கொள்ளும். லின்க்ஸ் சண்டை போடாது, போய் இன்னொரு மானைப் பிடிக்கும். கரடி நிறைந்த காட்டில் லின்க்ஸ் கூடுதலாக உழைக்க வேண்டும்.

மறுபடி தரைக்குக் கீழே இறங்குவோம். பிளவு வழியே போன மழைநீர் இலைத்தூளையும் மண்துகளையும் இழுத்துக்கொண்டு குகைகளுக்குள் போகிறது. வெளிச்சமே இல்லாத அங்கே உணவு என்று வருவது பெரும்பாலும் மேலே காடு அனுப்பும் இந்த எச்சில்தான். அதை நம்பி ஒரு தனி உலகம் இருக்கிறது. நிலத்தடி உயிர்களின் வகைப்பெருக்கத்தில் உலகின் முன்னணி இடங்களில் தினாரிக் ஒன்று. 1831இல் போஸ்டோய்னா குகையில் ஒரு கண்ணில்லாத வண்டு கிடைத்தது. குகையில் மட்டுமே வாழும் பூச்சிகள் உண்டு என்பது அறிவியலுக்கு அதன் மூலம்தான் தெரியவந்தது.

இவற்றில் பெரிய பெயர் ஓல்ம். வெளிறிய இளஞ்சிவப்புத் தோல், சின்னஞ்சிறு கால்கள், வெளியே நீட்டிய செவுள்கள், தோல் மூடிய கண்கள். சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள நீர்வாழ் சாலமாண்டர் இது. பல ஆண்டுகள் உணவில்லாமல் தாங்கும், மனிதரளவு நீண்ட ஆயுள் உடையது. வெள்ளத்தில் அடித்து வெளியே வந்தபோது பார்த்த பழைய காலத்து மக்கள் இதை டிராகன் குட்டி என்று நினைத்தார்கள். 2016இல் போஸ்டோய்னா குகைத் தொட்டியில் ஒரு ஓல்ம் 64 முட்டைகள் இட, மே மாத இறுதியில் முதல் குஞ்சு வெளிவந்ததை உலகமே செய்தியாகப் பார்த்தது.

ஆனால் சல்லடை எதையும் வடிகட்டாது என்பதை மறந்துவிடக் கூடாது. மணல் மண்ணில் இறங்கும் நீர் ஓரளவு சுத்தமாகும், இங்கே நேராகப் பிளவில் இறங்கி ஊற்றில் வெளியே வந்துவிடும். ஸ்லோவேனியாவின் தென்கிழக்கில் பேலா க்ராயினா பகுதியில், மின்தேக்கி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த கழிவு கற்பிளவுகள் வழியே க்ரூபா ஆற்றின் ஊற்றை எட்டியது 1980களில் தெரியவந்தது. ஓல்ம்கள் வாழும் வட்டாரம் அது. அந்த நச்சு இன்னும் முழுதாகப் போகவில்லை.

கரைந்த கல் அப்படியே கரைந்து போய்விடுவதும் இல்லை. குரோவேஷியாவின் பிளிட்விட்சே தேசியப் பூங்காவில் 16 ஏரிகள் படிப்படியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிகின்றன. சுண்ணாம்பு நிறைந்த நீர் அருவியில் சிதறும்போது கரியமில வாயு வெளியேறுகிறது, சுண்ணாம்பு படிகிறது. பாசியும் பாக்டீரியாவும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள, ஏரிகளுக்கு நடுவே உயிருள்ள அணைகள் எழும்புகின்றன. மேலே காடு கரைத்ததைக் கீழே பாசி கட்டுகிறது. 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம் என்பதால் சுற்றுலாக் கூட்டம் தாங்காது. வருகிறவர்கள் நீரின் நிறத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள்.

இந்தத் தரையில் காட்டை மொத்தமாக வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. கடலோரத்தை ஒட்டிய, கார்ஸ்ட் என்று பெயர் கொண்ட சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தில் நூற்றாண்டுக்கணக்கான மரவெட்டும் ஆட்டு மேய்ச்சலும் மண்ணை மழையோடு பிளவுக்குள் அனுப்பிவிட்டன, மிஞ்சியது வெள்ளைக் கல். 19ஆம் நூற்றாண்டில் அதை மீட்கப் பெரும் முயற்சி நடந்தது. 1859இல் ட்ரியெஸ்டே நகருக்கு அருகே பாசோவிட்சாவில் கருப்புப் பைன் நடவு பிடித்துக்கொண்ட பிறகுதான் பச்சை திரும்பியது. பைன் எளிதில் தீப்பற்றும் மரம். 2022 ஜூலையில் அதே மேட்டுநிலத்தில் ஸ்லோவேனியா கண்டதிலேயே பெரிய காட்டுத்தீ மூண்டது. முதல் உலகப் போரில் புதைந்துபோன குண்டுகள் நெருப்பில் வெடித்ததால் தீயணைப்பு வீரர்கள் பல இடங்களுக்குள் போகவே முடியவில்லை.

உள்மலைகளில் ஹுஃப்னாகல் வழியில் மரம் மரமாகத் தேர்ந்து வெட்டும் முறை நிலைத்தது. ஸ்லோவேனியா இரண்டாம் உலகப் போருக்குப் பின் மொத்தமாக வெட்டுவதற்குத் தடையே போட்டுவிட்டது. ஆனாலும் லாபத்துக்காக ஸ்ப்ரூஸை அதன் இயற்கை இடங்களுக்கு வெளியே நிறைய நட்டிருந்தார்கள். 2014 ஜனவரி இறுதியில் அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. மேலே வெதுவெதுப்பான கடற்காற்று, கீழே பள்ளத்தாக்குகளில் தேங்கிய குளிர்காற்று. மழை விழுந்து தொட்ட இடத்திலெல்லாம் கண்ணாடியாக உறைந்தது. அந்த எடையில் கிளைகள் முறிந்தன, மின்கோபுரங்கள் சாய்ந்தன, நாட்டின் காட்டில் ஏறக்குறைய பாதிப் பரப்பு சேதமானது. முறிந்து பலவீனமாகக் கிடந்த ஸ்ப்ரூஸ்களில் பட்டை வண்டு குடியேறியது. வெப்பமான கோடைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறை பெருகி, அடுத்த சில ஆண்டுகள் நன்றாக நின்ற மரங்களையும் கொன்றது.

ஸ்ப்ரூஸ் போன இடத்தில் என்ன வரும் என்பதுதான் இப்போது வனத்துறையினரின் கேள்வி. பீச் தானாகவே வரும். ஊசியிலை மரம் வேண்டுமென்றால், வேர் ஆழமாக விடும் ஃபிர்தான் பொருத்தமானது. ஆனால் ஃபிர் கன்று மான்களுக்கு மிகவும் பிடித்த தீனி. நூறு ஆண்டு பொறுமையாகக் காத்திருக்கும் கன்றை ஒரு குளிர்கால இரவில் ஒரு மான் மேய்ந்துவிட்டுப் போய்விடும். 20ஆம் நூற்றாண்டில் புகைக் கழிவின் கந்தக அமில மழை பழைய ஃபிர்களை நலிவடையச் செய்தது, மான் புதிய ஃபிர்களை வரவிடவில்லை. இரண்டும் சேர்ந்து பல காடுகளில் ஃபிரின் பங்கைக் குறைத்துவிட்டன. மானைக் கட்டுப்படுத்த வேட்டை ஒதுக்கீடு உண்டு, ஓநாயும் லின்க்ஸும் உண்டு. அது போதாத இடங்களில் கம்பிவேலி போடுகிறார்கள். வேலிக்கு உள்ளே ஃபிர் கன்றுகள் முழங்கால் உயரம் தாண்டி நிற்கின்றன, வெளியே பெரும்பாலும் பீச் மட்டும்.